பனிக்குகையும் வாடகை அனுபவமும்

தமிழில் இப்போது பனிக்குகைகள் பெருகிவிட்டன. கோமுகம் போனவர், ஐஸ்லாந்து போனவர், லடாக்கில் உறைந்த ஜன்ஸ்கார் ஆற்றின்மேல் நடந்தவர் எல்லோரும் திரும்பி வந்து ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள். குகைவாய் இருக்கும். நீல ஒளி இருக்கும். மௌனம் இருக்கும். ‘நான்’ கரைந்துபோகும். கர்ப்பப்பை என்ற படிமம் தவறாமல் வரும். பிறகு ஆசாமி புதிதாய்ப் பிறந்தவராக வெளியே வருவார், கட்டுரை முடிந்துவிடும். முன்னால் போனது யார், கயிறு யாருடையது, கூலி எவ்வளவு, ஏன் பத்து நிமிஷத்தில் வெளியே வரச்சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இராது. இந்த எழுத்தைப் பொய் என்கிறேன். சற்று மிகை, சற்று அலங்காரம் என்று மன்னித்துவிடக்கூடிய பொய்யல்ல. இலக்கியத்தில் நாம் எதை உரைகல்லாக வைத்திருந்தோமோ அதையே விற்றுத் தின்கிற பொய்.

காசு கொடுத்து, வழிகாட்டியோடு போவதில் குற்றம் ஏதுமில்லை. வழிகாட்டி இல்லாமல் பனியாற்றுக்குள் நுழைவது மடமை. குற்றம், வாடகைக்கு எடுத்ததைச் சொந்தம் என்று பத்திரம் எழுதுவதில்தான் இருக்கிறது.

வடமதுரையில் உட்கார்ந்துகொண்டு உனக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பார்கள். தெரியாது. எங்களூரில் பனி என்றால் மார்கழியில் விடிகாலை மொச்சைக்கொடியில் நிற்பது. தையில் தரையைத் துளைப்பது, மாசியில் மச்சைத் துளைப்பது. கட்டியாக நாங்கள் கண்டது மீன் பெட்டியிலும் சைக்கிள் ஐஸ்காரர் பெட்டியிலும்தான். இதே மாவட்டத்தில் கொடைக்கானலில் உறைபனி விழுகிறது. அதுவும் வெயிலேறினால் போய்விடும். இந்தத் தெரியாமையைத்தான் மூலதனமாகக் கொள்ள வேண்டும் என்கிறேன். தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் புல்நுனி ஈரத்துக்கும் புகைமூட்டத்துக்கும் குளிருக்கும் இமயத்தில் கொட்டுவதற்கும் நகர்கிற ஆற்றுக்கும் பொதுவாக நிற்கிறது. முன்பனியும் பின்பனியும் நம் பெரும்பொழுதுகளில் இரண்டு. ஐந்திணையில் பனிக்கட்டிக்கு நிலம் கிடையாது. எனவே ஒருவர் ‘பனிக்குகை’ என்று எழுதும்போது வாசகன் மனதில் எழுவது மார்கழியின் மென்மை. எழுதுகிறவர் அந்த மென்மையை ஓசியில் வாங்கிக்கொள்கிறார். மேலிருந்து விழுந்தால் மண்டை பிளக்கும் பொருளைப் பற்றித் தாம் எழுதுகிறோம் என்ற உணர்வே அவரிடம் இல்லை. 2021 பிப்ரவரியில் சமோலியில் ஒரு மலைச்சரிவே பாறையும் பனியுமாகப் பெயர்ந்து ரிஷிகங்கை வழியே இறங்கி இருநூறு பேருக்கு மேல் பலிகொண்டது. ‘பனிப்பாறை உடைந்தது’ என்று நம் பத்திரிகைகள் எழுதின. கடலில் மிதப்பதற்கும் அதே ‘பனிப்பாறை’தான். சொல் இல்லாத இடத்தில் பார்வையும் இல்லை.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நாணயமானவர்கள். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் இமயம் வரை போய்க் கல் கொண்டுவந்தான். கொண்டுவர முடிந்ததைக் கொண்டுவந்தான். காரைக்காலம்மையார் கயிலைமேல் காலால் மிதிக்க மாட்டேன் என்று தலையால் போனார். பெரியபுராணத்து அப்பர் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, கடைசியில் போகாமலே திருப்பி அனுப்பப்பட்டார். பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கே கயிலையைக் கண்டார். போய்ச் சேராததைச் சேர்ந்ததாகச் சொல்லாமலே ஒரு மகத்தான பயணத்தைச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம் பயணக் கட்டுரையாளரோ போய்ச் சேர்ந்துவிட்டார், சொல்லத்தான் ஒன்றுமில்லை.

நமக்குப் பனிக்கட்டி அறிமுகமான கதையும் கர்ப்பப்பைக் கதை அல்ல. அது வியாபாரம். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டூடர் 1833இல் கல்கத்தாவுக்கு ஏரிப்பனியை வெட்டிக் கப்பலேற்றினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென்று கட்டிடமே எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் சொல்கிறோம். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அடுத்த வருஷம் அமர்நாத் குகைக்குப் போய்ப் பனிலிங்கத்தைக் கண்டார். காசும் பக்தியும் ஒரே பொருளைத் தொட்டு நிற்கும் இந்த இரட்டைத்தன்மை எவ்வளவு பெரிய விஷயம்! இது நம் பனிக்குகை எழுத்தில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். கங்கோத்ரிப் பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளம். அதன் கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. கங்கோத்ரியிலிருந்து 18 கிலோமீட்டர் நடந்து, ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் கோமுகத்தை அடைந்தால் எதிரே நிற்பது அழுக்கேறிய சாம்பல் சுவர். அதன் அடிவாயிலிருந்து பாகீரதி கலங்கலாக வெளிவருகிறது. உருகிய நீர் பனியைக் குடைந்துகொண்டு போகும் வேலைக்குத்தான் அங்கே குகை என்று பெயர். நீர் ஓட ஓடக் குகை பெருக்கும், கூரை மெலியும், ஒருநாள் இடிந்து விழும். பின்னொரு வருஷம் போனால் வாய் வேறிடத்தில் இருக்கும். மௌனம் என்கிறார்களே, அது அங்கே கிடையாது. நீரின் இரைச்சல், விரிசல் விடும் ஓசை, மேலிருந்து கல் கழன்று விழும் ஓசை. பனிக்குகைகளின் நீலமும் தேவரகசியம் அல்ல. ஆண்டுக்கணக்கில் அழுந்திக் காற்றுக்குமிழிகள் நசுங்கிப்போன கட்டி, ஒளியின் சிவப்பை விழுங்கிவிடுகிறது, நீலம் மிஞ்சுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் கவிதை கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவருக்குக் கவிதைமேல் நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்.

நவீனத்துவம் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்தக் கோமுகத்தை 1935இல் அளந்து வரைபடமாக்கியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜான் பிக்னெல் ஆடன். கவிஞர் டபிள்யூ.எச். ஆடனின் அண்ணன். தம்பி, இஷர்வுட்டோடு சேர்ந்து எழுதி 1936இல் வெளியிட்ட ‘எஃப் 6 மலையேற்றம்’ என்ற நாடகத்தை அண்ணனுக்குத்தான் சமர்ப்பித்தார். மலையேறும் வீரத்தின் பின்னால் இருக்கும் தேசங்களின் போட்டியையும் தாய்ப்பாசத்தின் கோணலையும் கிழித்துக் காட்டும் நாடகம் அது. கவிஞர் மலையை வைத்துத் தன்னைப் புனிதப்படுத்திக்கொள்ளவில்லை. புவியியலாளரோ பனி நின்ற இடத்தைக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு இருப்பதால்தான் பனியாறு எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று இன்று ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது. நம் கட்டுரைகளை அடுக்கிவைத்து, ஐம்பது வருஷம் கழித்து ஒருவர் என்ன தெரிந்துகொள்வார்? ஆசிரியரின் ஆன்மா நீலநிறமானது என்பதைத் தவிர?

இனி வழிகாட்டி. நம் எழுத்தில் அவர் ‘பையன்’. வயது நாற்பதானாலும் பையன்தான். கள்ளமற்ற சிரிப்பு ஒன்று அவருக்குத் தரப்படும், தேநீர் தருவார், மறைந்துவிடுவார். அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. கட்வால் மக்களுக்குப் பனியாற்றுக்கென்று தனிச்சொல் உண்டு: பாமக். கங்கோத்ரியின் துணைப் பனியாறுகள் கீர்த்தி பாமக், ரக்தவர்ண பாமக், சதுரங்கி பாமக் என்றே வரைபடங்களில் இருக்கின்றன. தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரலாம், சிரித்துவிட்டு யோசியுங்கள். நமக்கில்லாத சொல் பக்கத்தில் நடந்து வருகிறது, பனியை மிதித்து அதன் ஓசையிலிருந்து உறுதியை அறிகிறது, ‘போதும், வெளியே வாருங்கள்’ என்கிறது. அந்த ஒரு கட்டளையில் இருக்கும் அறிவு, நம் பத்துப் பக்கத் தத்துவத்தில் இல்லை.

அந்த அறிவும் தவறும். 2024 ஆகஸ்ட் 25 அன்று ஐஸ்லாந்தின் வாட்னாயோகுல் பனிப்பரப்பின் ஒரு கிளையில், வழிகாட்டியோடு போன குழுவின்மேல் பனிச்சுவர் சரிந்தது. ஒருவர் இறந்தார், ஒருவர் காயமுற்றார். குழுவில் 25 பேர் என்று எண்ணிக் காணாத இருவரை மறுநாள்வரை பனியை வெட்டித் தேடினார்கள். குழுவில் இருந்ததே 23 பேர்தான். கோடையில், பனி இளகும் பருவத்தில், ஏன் கூட்டிப்போனார்கள் என்ற கேள்வி அங்கே எழுந்தது. நம் கட்டுரையாளர் ‘நான் கரைந்தேன்’ என்று எழுதுகிற இடம் இதுதான். அங்கே கரைந்துகொண்டிருப்பது அவரல்ல, கூரை.

‘எழுத்து’ காலந்தொட்டு நாம் அனுபவம், அனுபவம் என்று சொல்லி வந்திருக்கிறோம். வெகுஜன எழுத்தை அடித்ததும் அந்தக் கோலால்தான். இன்று சுற்றுலா நடத்துகிறவர்களும் ‘அனுபவம்’ என்றுதான் விற்கிறார்கள். தலைக்கவசமும் காலணி முள்ளும் அதில் அடக்கம். நம் சொல்லைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார் என்று புலம்பிப் பயனில்லை. அனுபவம் என்றால் போய்நின்றது என்று நாமே சுருக்கிவிட்டோம். அதனால்தான் அது சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் சரக்காயிற்று. போகாதவன் எழுதக்கூடாது என்பதல்ல என் கட்சி. அப்பரே அதற்குப் பதில். போனவன் போன விதத்தோடு எழுதவேண்டும் என்கிறேன். கோமுகத்துக்கு ஒரு நாளைக்கு 150 பேர் என்று 2008இல் வரம்பு வைத்தார்கள். அந்த 150இல் தாமும் ஒருவர் என்ற எண்ணமாவது ஏகாந்தம் பேசுகிறவருக்கு இருக்கலாம் அல்லவா?

அடுத்த பனிக்குகைக் கட்டுரையில் கூலி இருக்கட்டும், சேறு இருக்கட்டும், வழிகாட்டி சொன்னது அவர் சொல்லிலேயே இருக்கட்டும், பயம் பயமாகவே இருக்கட்டும். அப்படி ஒன்று வரும்வரை, மாசிப் பனியைப் பற்றி ஒழுங்காக நாலு வரி எழுதத் தெரிந்த உள்ளூர்க்காரர் யாராவது கிடைத்தால் அவரைப் படித்துக்கொள்கிறேன்.