ஃப்ரிட்ஜ் கூலிங் ஆகலையா? 'கேஸ் போச்சு'ன்னு சொன்னதும் காசு எடுத்துக் கொடுக்காதீங்க!



போன மே மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கோவிலம்பாக்கத்துல எங்க வீட்ல நடந்தது இது. அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து, "என்னப்பா, காலைல காய்ச்சி வெச்ச பால் திரிஞ்சு போயிருக்கு"ன்னாங்க. மேல ஃப்ரீசர்ல ஐஸ் கல்லு மாதிரி இருக்கு. கீழ் தட்டுல கை வெச்சா ஜில்லுன்னே இல்ல. கதவுல அம்மாவோட ஒரு மாச இன்சுலின். வெளியில 38 டிகிரி வெயில் அடிச்சு ஓய்ஞ்ச ராத்திரி.

மறுநாள் காலைல கூப்பிட்ட மெக்கானிக் பின்னாடி எட்டிப் பார்த்துட்டு, "சார், கேஸ் போச்சு"ன்னார். கடைக்குத் தூக்கிட்டுப் போய், ஒரு நாள் கழிச்சுக் கொண்டு வந்தார். 3,200 ரூபாய். பில் கிடையாது. சூப்பரா கூலிங் ஆச்சு. மூணாவது வாரம் மறுபடியும் அதே கதை. அவர் ஃபோன் எடுக்கல. வேற ஒருத்தர் வந்தார். அவரும் "கேஸ்தான் சார்"ன்னார். 2,800 ரூபாய். மறுபடியும் மூணு வாரம்தான்.

மூணாவதா வந்தவர் வயசானவர். ஃப்ரீசர் உள்பக்க பேனலைக் கழட்டிக் காட்டினார். உள்ளே கூலிங் காயில் முழுக்க ஐஸ் மூடிக் கிடக்கு. "தம்பி, கேஸ்லாம் நல்லாத்தான் இருக்கு. ஐஸை உருக்குற ஹீட்டர் போயிருக்கு"ன்னார். பார்ட்ஸ், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். அதோட சரி.

1,400 ரூபாய்ல முடிய வேண்டிய வேலைக்கு நான் கொடுத்தது 7,400. கிளையன்ட் 500 ரூபாய் வவுச்சர் கொண்டு வந்தாலே "பில் எங்கே, எதுக்குச் செலவு?"ன்னு கேக்குற ஆடிட்டர் நான். என் வீட்டு 6,000 ரூபாயை ஒரு கேள்வியும் கேக்காம கொடுத்தேன். காரணம் பதட்டம். பால் கெடுது, மாவு புளிக்குது, மருந்து என்னாகுமோன்னு பயம். அந்த ரெண்டு மணி நேரத்துல நாம எடுக்குற முடிவுதான் நம்ம பர்ஸைக் காலி பண்ணுது. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செலவு அதுல பாதிகூட இல்ல. இதுதான் இன்னைக்கு என் கருத்து.

ஃப்ரிட்ஜ் கேஸ் தானா தீராது

அடுப்பு சிலிண்டர் மாதிரி ஃப்ரிட்ஜ் கேஸ் எரிஞ்சு தீர்ந்து போற பொருள் இல்ல. சீல் பண்ணின குழாய்க்குள்ள அதே கேஸ் வருஷக்கணக்கா சுத்திட்டே இருக்கும். குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் அடிக்கிறது, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற மாதிரி.

அப்போ என் ஃப்ரிட்ஜ் ரெண்டு தடவையும் எப்படி சரியாச்சு? கேஸ் அடிக்கறதுக்காக ஒரு நாள் ஆஃப்ல கிடந்துச்சே, அதுல ஐஸ் தானா உருகிடுச்சு. காத்து போற வழி திறந்துச்சு, கூலிங் வந்துச்சு. ஹீட்டர் சரியாகாததால மூணு வாரத்துல மறுபடியும் ஐஸ் மூடிக்கிச்சு. நான் காசு கொடுத்தது கேஸுக்கு. வேலை செஞ்சது சும்மா ஆஃப் பண்ணி வெச்சது.

அதனால "கேஸ் போச்சு"ன்னு யார் சொன்னாலும் இந்த மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, "லீக் எங்கே இருக்கு, காட்ட முடியுமா?" ரெண்டு, "வேக்யூம் போட்டு, ஃபில்டர் மாத்தி, எடை போட்டுத்தானே கேஸ் ஏத்துவீங்க?" எந்த கேஸ், எத்தனை கிராம்னு ஃப்ரிட்ஜோட லேபிள்லயே இருக்கும். இப்போ வர்ற பல மாடல்கள்ல ஆர்600ஏ கேஸ்தான். அது தீப்பிடிக்கக் கூடியது, அளவும் சில பத்து கிராம்தான். குத்துமதிப்பா அடிக்கிற வேலை இல்ல. மூணு, "பில்லும் வாரண்டியும் எழுதித் தருவீங்களா?" நேர்மையான மெக்கானிக் இந்தக் கேள்விக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்.

ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி 15 நிமிஷம்

அமெரிக்கால கார் பின்னாடி ட்ரெய்லர் வீட்டை இழுத்துக்கிட்டு ஊர் சுத்துறவங்க உண்டு. அந்த வண்டிகள்ல இருக்குற ஒரு வகை ஃப்ரிட்ஜ்ல கம்ப்ரெஸரே கிடையாது. கேஸ் அடுப்புச் சூட்டுல அமோனியாவைக் கொதிக்க வெச்சு ஓடுது. வண்டி சாய்ஞ்சு நின்னா கூலிங் படுத்துடும். அதனால அவங்க முதல்ல பார்க்கறது வண்டி மட்டமா நிக்குதான்னுதான். செலவே இல்லாத செக் முதல்ல, செலவு வைக்கிற செக் கடைசில. இந்த வரிசைதான் நமக்கும் வேணும்.

1. கரண்ட். அந்த ப்ளக்ல மிக்ஸியைப் போட்டுப் பாருங்க. கோடைல சாயங்காலம் எல்லா வீட்லயும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கினா, பழைய மாடல் கம்ப்ரெஸர் ஸ்டார்ட் ஆக முயற்சி பண்ணி 'டக்'குனு நின்னுடும். கரண்ட் போய் வந்தா அஞ்சு நிமிஷம் விட்டுப் போடுங்க.

2. தெர்மோஸ்டாட் நாப். துடைக்கும்போது திரும்பியிருக்கும். சிரிக்காதீங்க, இது நிறைய வீட்ல நடக்குது.

3. கதவு ரப்பர். ஒரு 10 ரூபாய் நோட்டை வெச்சுக் கதவைச் சாத்தி இழுங்க. இறுக்கமா இருக்கணும். வழுக்கிட்டு வந்தா ரப்பர் பிடிக்கல. முதல்ல சோப்புத் தண்ணில துடைச்சுப் பாருங்க. ஃப்ரிட்ஜோட முன்பக்கம் இம்மியளவு உசரமா இருந்தா கதவு தானா சாத்திக்கும்.

4. காத்து. 200 அடி ரோட்டுப் பக்கம், மேடவாக்கம் பக்கம் வர்ற ஃப்ளாட் பலதுல கிச்சன்ல ஃப்ரிட்ஜுக்குன்னு ஒரு பொந்து விடுறாங்க. அதுல அடைச்சு வெச்சா சூடு வெளியே போகாது. பின்னாடியும் பக்கத்துலயும் மேனுவல்ல சொன்ன இடைவெளி விடுங்க. பக்கவாட்டுச் சுவர் கொஞ்சம் சுடறது நார்மல். கை வைக்க முடியாத சூடுதான் கவனிக்கணும்.

5. எங்கே கூலிங் இல்ல? ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்ல மேல ஜில், கீழ சூடுன்னா கேஸ் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி ஐஸ் அடைப்பு, ஹீட்டர், ஃபேன் பக்கம் பாருங்க. பொருளையெல்லாம் எடுத்துட்டு, ஒரு முழு நாள் ஆஃப் பண்ணி, கதவைத் திறந்து வைங்க. திரும்பப் போட்டு நல்லா ஓடி, சில வாரத்துல மறுபடியும் நின்னா என் கேஸ் மாதிரியேதான். கம்ப்ரெஸர் ஓடியும் மேல கீழ ரெண்டும் சூடுன்னா கேஸ் லீக் அல்லது கம்ப்ரெஸர் பலவீனமா இருக்கலாம். கம்ப்ரெஸரே ஓடலன்னா ரிலே, தெர்மோஸ்டாட், போர்டுன்னு சின்னதுலேருந்து பார்க்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு. ஒரு கதவு மாடல்ல ஐஸைக் கத்தியால குத்தி எடுக்காதீங்க. அந்த ஐஸுக்கு அடியிலதான் கேஸ் போற குழாய் இருக்கு. ஒரு குத்து, ஆயிரக்கணக்குல செலவு.

ஈபி பில்லும் ஒரு பிளட் ரிப்போர்ட்தான்

நல்ல ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸர் ஓடி, நின்னு, ஓடி, நிக்கும். கோளாறான ஃப்ரிட்ஜ் நிக்காம ஓடும். 150 வாட் கம்ப்ரெஸர் 24 மணி நேரமும் ஓடினா ஒரு நாளைக்கு 3.6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 216 யூனிட். நாளுக்கு ஒரு யூனிட்ல முடிஞ்சிருந்தா 60 யூனிட்தான். வித்தியாசம் 156.

நம்ம ஊர் மின் கட்டணத்துல 500 யூனிட் ஒரு பெரிய கோடு. அதைத் தாண்டினா தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறறது இல்ல. 101-லேருந்து 200 வரைக்கும் கிடைச்ச சலுகை ரேட்டும் கையை விட்டுப் போயிடும். அதனால ஏசி போடாத மாசத்துலயும் பில் எகிறினா, மீட்டரைத் திட்டறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜைப் பாருங்க.

ரிப்பேரா, புதுசா?

"பழசுக்கு ஏன் செலவு, புதுசு வாங்கிடலாம்"னு வீட்ல ஒரு குரல் வரும். கணக்கு போட்டுட்டுப் பேசுங்க. செலவை அது எத்தனை வருஷம் உழைக்கும்ங்கறதால வகுக்கணும்.

உதாரணமா, புதுசு 25,000, பத்து வருஷம் வரும்னா வருஷத்துக்கு 2,500. ரிப்பேர் 4,500, இன்னும் மூணு வருஷம் ஓடும்னா வருஷத்துக்கு 1,500. ரிப்பேர்தான் லாபம். அதே ரிப்பேர் 9,000, மூணு வருஷம்தான்னா வருஷத்துக்கு 3,000. அப்போ தாராளமா புதுசு வாங்குங்க.

கம்ப்ரெஸர்தான் பிரச்சனைன்னா முதல்ல பழைய பில்லைத் தேடுங்க. பல கம்பெனிகள் ஃப்ரிட்ஜுக்கு ஒரு வருஷமும், கம்ப்ரெஸருக்குத் தனியா 10 வருஷமும் வாரண்டி தர்றாங்க. கேஸுக்கும் கூலிக்கும் காசு கேப்பாங்க, ஆனா கம்ப்ரெஸர் விலை மிச்சம். பில்லை ஃபோட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க. கடை பில்லோட மை ரெண்டு வருஷத்துல அழிஞ்சுடும்.

"புது மாடல் கரண்ட் மிச்சம்"ங்கறதையும் லேபிளை வெச்சே பாருங்க. ஸ்டார் லேபிள்ல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு போட்டிருக்கும். பழசு 250, புதுசு 180-ன்னா மிச்சம் 70 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வெச்சாலும் வருஷத்துக்கு 560 ரூபாய். நல்லா ஓடுற ஃப்ரிட்ஜை இதுக்காக மாத்தினா 25,000 திரும்பி வரவே வராது.

ஷோரூம்ல ரெண்டு வலை

ஒண்ணு, நோ காஸ்ட் இஎம்ஐ. கிரெடிட் கார்டு இஎம்ஐல பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல சொல்லிடுச்சு. நடக்கறது என்னன்னா, வட்டிக்குச் சமமான தொகையை விலைல தள்ளுபடியாக் காட்டிட்டு, வட்டியைத் தனியா வசூல் பண்றாங்க. கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, அதோட ப்ராசஸிங் ஃபீ. "முழுப் பணமும் இப்பவே கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. அந்தக் குறைப்புதான் நோ காஸ்ட்டோட உண்மையான காஸ்ட்.

ரெண்டு, "ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு சார்". 2025 செப்டம்பர் 22-லேருந்து 28-லேருந்து 18% ஆனது ஏசியும் பெரிய டிவியும். ஃப்ரிட்ஜ் 2018 ஜூலைலயே 18%-க்கு வந்தாச்சு. அந்தப் பேச்சுல மயங்காதீங்க.

மழை நாளுக்கும் ஒரு வார்த்தை

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்போ பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கம் எத்தனை வீட்ல தண்ணி புகுந்துச்சுன்னு நமக்குத் தெரியும். தண்ணில நின்ன ஃப்ரிட்ஜை "ஓடுதான்னு பார்ப்போம்"னு ப்ளக் போடாதீங்க. ஃபோட்டோ எடுத்துட்டு, காய வெச்சு, ஆளை வெச்சுப் பார்த்தப்புறம்தான் போடணும். பாரத் க்ருஹ ரக்ஷா வீட்டு பாலிசில வெள்ளச் சேதம் வரும். கட்டடத்துக்கு எடுத்தா உள்ளே இருக்குற பொருளுக்கும் கட்டட காப்பீட்டுத் தொகைல 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை சேர்ந்தே வரும். சும்மா ஓடி ஓடிப் பழுதானதுக்கு அதுல காசு வராது.

பதட்டத்தைக் குறைக்க

கதவைத் திறக்காம வெச்சா ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளுமையைத் தாங்கும். அப்போ உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கு. பிரிக்காத இன்சுலினை 2-லேருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். அதை முதல்ல பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாத்திடுங்க, ஃப்ரீசர்ல மட்டும் வைக்காதீங்க. இப்போ போட்டுட்டு இருக்குற பேனா வெளியில எத்தனை நாள் தாங்கும்னு பெட்டிலயே போட்டிருக்கும். சந்தேகம்னா டாக்டர்கிட்ட கேளுங்க. நான் அந்த ராத்திரி முதல்ல செஞ்சிருக்க வேண்டியது இதைத்தான். மருந்து பத்திரமா இருந்திருந்தா, மெக்கானிக்கிட்ட நாலு கேள்வி கேக்குற நிதானம் எனக்கு வந்திருக்கும்.

கடைசியா ஒரு வேலை. கம்பெனிக் கணக்குல ஒவ்வொரு மிஷினுக்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதறோம். வீட்ல யாரும் எழுதறதில்ல. ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின், தண்ணி மோட்டார் மூணுக்கும் சேர்த்து மாசம் 500 ரூபாய் தனி ஆர்டில போடுங்க. மூணு வருஷத்துல அசலே 18,000. அடுத்த தடவை பால் திரியும்போது இஎம்ஐ ஃபாரத்துல கையெழுத்துப் போட வேண்டியிருக்காது.

இன்னைக்கே ஒரு 10 ரூபாய் நோட்டை எடுத்துக் கதவுல வெச்சுப் பாருங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.