அமர்வுகளை எண்ணும் அரசு, தண்ணீரைச் சோதிப்பது யார்?

2016 பிப்ரவரி 29 அன்று நிதிநிலை அறிக்கையை முன்வைத்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நோயாளிகளாகச் சேர்கிறார்கள், இதனால் 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. இருக்கும் சுமார் 4,950 மையங்களும் பெரும்பாலும் தனியாரிடம், பெரிய நகரங்களில் இருப்பதால் தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது என்றார். தேசிய டயாலிசிஸ் திட்டம் அன்று அறிவிக்கப்பட்டது.

மாவட்ட மருத்துவமனையில் ஏழைக்கு இலவச டயாலிசிஸ் கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பொதுத்துறை-தனியார் கூட்டு என்ற பெயரில் அத்திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறை வேலையை எப்படிப் பிரித்தது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இடம், மின்சாரம், தண்ணீர், மருந்து ஆகியவை அரசின் பொறுப்பு. இயந்திரம், பணியாளர்கள், டயலைசர், தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. நிலையம் ஆகியவை தனியாரின் பொறுப்பு. ஏழை நோயாளியின் அமர்வுக்கான கட்டணத்தை அரசு செலுத்துகிறது. ஒப்பந்ததாரருக்கு வருமானம் வருவது அமர்வுகளின் எண்ணிக்கையால். தண்ணீரைத் தூய்மையாக வைத்திருப்பது அவருக்கு வெறும் செலவுக் கணக்கு.

தண்ணீருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? டயாலிசிஸ் திரவம் வழக்கமாக நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் ஓடுகிறது. நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். நம் நாட்டில் பலரும் செய்துகொள்வதுபோல வாரம் இருமுறை என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 12,000 லிட்டருக்கு மேல் நோயாளியின் இரத்தத்துக்கு அருகில் பாய்கிறது. இடையில் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. நாம் குடிக்கும் தண்ணீரில் உள்ள உலோகத்தில் ஒரு பகுதியைக் குடல் தடுத்துவிடும். உள்ளே சென்றதில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும். டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த இரண்டு காவல்களும் இல்லை. சவ்வைக் கடந்து வரும் உலோகம் இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு திரும்பிப் போவதில்லை. அதனால்தான் குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்னும் போது டயாலிசிஸ் தண்ணீருக்கு வரம்பு 0.005. காட்மியத்துக்கு 0.003, இங்கே 0.001. படிகாரம் போட்டுத் தெளிவிக்கும் நகராட்சிக் குடிநீரில் அலுமினியம், வேறு நீராதாரம் இல்லாவிடில், 0.2 வரை அனுமதிக்கப்படுகிறது. டயாலிசிஸ் தண்ணீரில் 0.01ஐத் தாண்டக் கூடாது. குடிக்கத் தகுந்த தண்ணீர் இவர்களுக்கு நஞ்சாகலாம்.

இது வெறும் ஊகம் அல்ல. டயாலிசிஸ் நோயாளிகளின் மூளையைச் சிதைத்த நோய்க்கு அலுமினியமே காரணம் என்பதை 1976இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃப்ரே குழுவினர் சுட்டிக்காட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, கரீபியன் தீவான குராசாவோவில், சிமெண்ட் பூச்சு கொண்ட ஒரு புதிய குழாயிலிருந்து கரைந்த அலுமினியம் டயாலிசிஸ் நிலையத்துக்குள் சென்றது. பத்துப் பேர் இறந்தனர். இயந்திரங்களில் கோளாறு ஏதும் இல்லை, குழாய்தான் மாறியிருந்தது.

இத்தகைய திடீர் மரணங்கள் அரிது. மெல்ல நடக்கும் கேடுதான் பெரிது. டயாலிசிஸ் நோயாளிகளின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் இதய, இரத்தக்குழாய் நோய்களே. வெளியேறாமல் தங்கும் பாஸ்பேட், தமனிச் சுவரின் தசைச் செல்களை எலும்புச் செல்களைப் போல மாற்றுகிறது; சுவரில் கால்சியம் படிகிறது; தமனி விறைத்த குழாயாகிறது; இதயம் அதை எதிர்த்து உழைத்துத் தடித்துப் போகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான ஆய்வொன்று, டயாலிசிஸ் நோயாளிகளின் இரத்தத்தில் காட்மியம், ஈயம், குரோமியம் போன்றவை மிகுந்தும், துத்தநாகம், செலினியம், மாங்கனீசு குறைந்தும் இருப்பதைக் காட்டியது. நஞ்சு சேர்கிறது, உடலுக்கு வேண்டியது வடிந்து போகிறது. ஈயமும் காட்மியமும் தமனிக்குக் கேடு செய்பவை என்பதை இதயநோய் மருத்துவ உலகமே இன்று ஏற்கிறது. மெக்னீசியம் சுவரில் கால்சியம் படிவதைத் தடுக்கும் என்பது ஆய்வுக்கூடங்களில் தெரிந்த செய்தி.

இதற்கு ஒரு வர்க்க முகமும் உண்டு. பழைய பேட்டரி உருக்கும் பட்டறையில் உழைத்தவரின் எலும்பில் ஈயம் பல பத்தாண்டுகள் தங்கியிருக்கும். பீடிப் புகையில் காட்மியம் உண்டு. அவர் படுக்கையில் வந்து சேரும்போதே உலோகச் சுமையோடுதான் வருகிறார். பொட்டாசியத்தைக் குறைக்கக் காய்கறியை வேகவைத்து நீரை வடித்துவிடுங்கள் என்கிறார்கள்; அந்த நீரோடு நுண் தாதுக்களும் சேர்ந்து போகின்றன. அவற்றை ஈடுசெய்ய மீனும் இறைச்சியும் வாங்கக் கையில் காசு இல்லை. பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த மலிவான கால்சியம் மாத்திரையே ஏழைக்குக் கிடைக்கிறது. அதன் மிகுந்த பயன்பாடு தமனியில் மேலும் கால்சியத்தைச் சேர்க்கக் கூடும் என்பதால், அளவைக் கட்டுப்படுத்துமாறு சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுதல் கூறுகிறது. கால்சியம் கலக்காத செவெலமர் விலை அதிகம்.

இடையில் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எவரும் மருந்துக்கடைக்குப் போய்த் துத்தநாக மாத்திரையும் செலினிய மாத்திரையும் வாங்கிவிட வேண்டாம். நுண் தாதுக்குறைவும் மரணமும் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. டயாலிசிஸ் நோயாளியின் உடலில் மிகுதியும் ஆபத்தே. உடலிலிருந்து ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சையை, மாரடைப்பு வந்த நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது. இரத்தத்தில் ஈயம் வெகுவாகக் குறைந்தது, இதயநோய் குறையவில்லை. உள்ளே வந்த பிறகு வெளியேற்றுவது எளிதல்ல. உள்ளே வராமல் தடுப்பதே வழி. அது தனிமனிதரின் பை நிறைய மாத்திரையால் நடக்காது.

ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டம் உத்தானத்தை எண்ணிப் பாருங்கள். தென்னை, முந்திரித் தோப்புகளின் கூலித் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சிறுநீரக நோயில் சாகிறார்கள். காரணம் இன்றுவரை முழுமையாக நிறுவப்படவில்லை. அங்கே டயாலிசிஸ் மையங்கள் முதலில் வந்தன. ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவரும் குடிநீர்த் திட்டம் 2023 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. எது முதலில் வந்திருக்க வேண்டும்?

ஆர்.ஓ. நிலையம் அரசு மருத்துவமனையின் சொந்தப் பொறுப்பில், நிரந்தரத் தொழில்நுட்பப் பணியாளர்களோடு இயங்க வேண்டும். உலோகச் சோதனை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடந்து, அதன் முடிவு மையத்தின் சுவரில் உள்ளூர் மொழியில் ஒட்டப்பட வேண்டும். செவெலமர் இலவசமாக வழங்கப்பட வேண்டும். அதற்கு முன்னதாகவே தோழர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அரசு தன் அதிகாரத்தைக் கொண்டு தனியார் நிறுவனத்திடமிருந்து பெறக்கூடிய தகவலும் தகவலே என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். உங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு மனு எழுதுங்கள்: டயாலிசிஸ் தண்ணீரில் அலுமினியம், ஈயம், ஆர்செனிக், காட்மியம் கடைசியாக எந்தத் தேதியில், எந்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன, முடிவு என்ன?