கால் முளைத்த புழு

“புழுவுக்குக் கால் உண்டா?” என்று வீட்டுக் குட்டிகள் கேட்டால், அவசரப்பட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள்.

வெல்வெட் புழு என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் நம் விரல் நீளம்தான். உடம்பெல்லாம் நுண்ணிய புடைப்புகள் இருப்பதால், பார்க்க வெல்வெட் துணி மாதிரி இருக்கும். அடியில் மூட்டு இல்லாத குட்டிக் கால்கள், இனத்தைப் பொறுத்து 13 முதல் 43 ஜோடி வரை. ஒவ்வொரு காலிலும் இரண்டு நகங்கள். இரவில் வேட்டைக்குக் கிளம்பும். பூச்சி எதிர்ப்பட்டால் வாயின் இரு பக்கமிருந்தும் பசையைப் பீய்ச்சி, அதைத் தரையோடு ஒட்டவைத்து, பிறகு சாவகாசமாகச் சாப்பிடும்.

1826-ல் இதை முதலில் விவரித்த லான்ஸ்டவுன் கில்டிங், நத்தை வகை என்றே நினைத்தார். உண்மையில் இது பூச்சி, சிலந்தி, நண்டு ஆகியவற்றின் நெருங்கிய சொந்தம்.

இந்தச் சொந்தம் ஒரு பெரிய புதிரை விடுவிக்க உதவியது. கனடாவின் பர்ஜஸ் ஷேல் பாறைகளில் சுமார் 50 கோடி ஆண்டுப் பழைய விலங்கொன்றின் படிவங்கள் கிடைத்திருந்தன. 1977-ல் அதை ஆராய்ந்த சைமன் கான்வே மோரிஸ், நீண்ட முட்களைக் கால்கள் என்றும், மெல்லிய குழாய்களை முதுகில் இருப்பவை என்றும் கருதினார். கனவில் வருவது போன்ற அதன் விசித்திர உருவத்துக்காக ‘ஹாலுசிஜீனியா’ என்று பெயர் வைத்தார். 1991-ல்தான் அதைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறோம் என்பது தெரிந்தது. முள் முதுகில் இருந்தது, குழாய்கள்தான் கால்கள்! 2014-ல் அதன் நகத்தை உற்றுப் பார்த்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய உறைகள் தெரிந்தன. இன்றைய வெல்வெட் புழுவின் நகமும் அதே அமைப்புதான்.

இந்த வம்சத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. தோலில் உள்ள மூச்சுத் துளைகளை மூட முடியாது. ஈரம் போனால் உடல் காய்ந்து உயிர் போய்விடும். அதனால் உளுத்த மரமும் ஈரச் சருகும்தான் வீடு.

நம் நாட்டிலும் ஓர் இனம் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் கிடைத்த, கண்ணில்லாத அந்தப் புழுவை 1913-ல் ஸ்டான்லி கெம்ப் விவரித்தார். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வாளர்கள் அதே பள்ளத்தாக்கில் அதை மீண்டும் கண்டுபிடித்தார்கள்.

காட்டுச் சருகைக் குப்பை என்று கொளுத்தும்போது, கல்லில் உள்ளதைப் படித்துக் காட்டும் இந்த உயிருள்ள சாட்சியும் சேர்ந்து எரியலாம்.

அடுத்த முறை உங்கள் பேத்தி புழு வரைந்து கால் போட்டால், திருத்தாதீர்கள். எத்தனை ஜோடி என்று மட்டும் கேளுங்கள்!