கூட யார் போறது?



அக்டோபர் பிறந்துவிட்டது. வானம் கறுக்கத் தொடங்கினால் முத்தையாபுரத்திலும் வேப்பலோடையிலும் தருவைக்குளத்திலும் உப்பு வாரும் வேலை ஓயும். வாரிய உப்பைக் குவித்து, பனையோலை வேய்ந்து, மழைக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு ஆட்கள் வீடு திரும்புவார்கள். இனித் தை மாதம்தான். கையில் வேலை இல்லாத இந்த மாதங்களில் நம் ஊரில் முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது: வீட்டுப் பெரியவர்களின் கண்புரை.

அக்டோபர் 1 உலக முதியோர் தினம். இரண்டாவது வியாழக்கிழமை உலகப் பார்வை தினம். இவை ஊருக்கெல்லாம் பொது. நமக்கென்று தனியாகவும் ஒரு நாள் உண்டு. 1918 அக்டோபர் 1 அன்றுதான் எட்டயபுரத்தை ஒட்டிய அயன் வடமலாபுரத்தில் கோவிந்தப்ப வெங்கடசாமி பிறந்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி நம் மாவட்டத்துக் கரிசல் மண்ணின் பிள்ளை. தாளும் பென்சிலும் இல்லாமல் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தவர். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். குடும்பத்துப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவரை முடக்குவாதம் மறித்தது. விரல்கள் கோணிப் பேனா பிடிக்கவே முடியாமல் போயிற்று. அந்த விரல்களைப் பழக்கித்தான் கண் அறுவைக் கத்தியைப் பிடித்தார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைத் தானே செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். பணம் கட்ட முடிந்தவர் கட்டட்டும், முடியாதவருக்கு இலவசம் என்பது அன்றைக்கே வகுத்த முறை.

அவர் வரலாற்றில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது வேறொன்று. இலவசம் என்று சொல்லியும் ஜனங்கள் வரவில்லை. 1990களில் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஆய்வு செய்து பார்த்தார்கள். கண் குறை உள்ளவர்களில் பத்தில் ஒருவர்கூட, பக்கத்திலேயே நடந்த முகாமுக்குப் போயிருக்கவில்லை. பயம் ஒரு காரணம். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, வேலை கெட்டுப்போவது, துணைக்கு ஆள் இல்லாதது என்று மற்றவை பின்னால் வரிசை கட்டின. மருத்துவமனையே பஸ் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, தங்க வைத்து, திரும்பக் கொண்டுவந்து விட்ட இடங்களில்தான் கூட்டம் வந்தது.

ஆய்வில் கண்ட இந்தக் காரணங்களை நான் எங்கள் தெருவிலேயே கேட்டிருக்கிறேன். எதிர்வீட்டு ஆச்சி ஆயுசெல்லாம் உப்பளத்தில் உழைத்தவர். வலக்கண்ணின் கருவிழி நடுவே சாம்பல் பூத்திருந்தது வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். கேட்டால், "கஞ்சி காய்ச்சத் தெரியுது, வாசப்படி தெரியுது, எனக்கு இது போதும்ல" என்பார். இன்னும் வற்புறுத்தினால்தான் நிஜக் காரணம் வெளியே வரும். "பேரன் லீவு போட்டா சம்பளத்தப் பிடிப்பான். மருமவ தீப்பெட்டி ஆபீஸ் போறா. கூட யார் போறது?"

சரி, நான் வாரேன் என்றேன்.

கண் மருத்துவமனையில் நடந்ததைப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாள் கண்ணின் நீளத்தை ஒரு கருவியால் அளந்தார்கள். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை அதையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மறுநாள் காலை தலைக்குக் குளித்து வரச் சொன்னார்கள். அதன்பின் கொஞ்ச நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் கிடையாது. கண்ணின் பாப்பா விரிய மாற்றி மாற்றிச் சொட்டு மருந்து. தலைக்குப் பச்சைத் தொப்பி, எந்தக் கண் என்று நெற்றியில் ஓர் அடையாளம். உள்ளே போன ஆச்சி, நான் செய்தித்தாளின் நடுப்பக்கத்தைத் தாண்டுவதற்குள் கண்ணில் கட்டோடு வெளியே வந்துவிட்டார். "முடிஞ்சுட்டா?" என்று என்னிடமே கேட்டார்.

கருமணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் வயதாக ஆகப் புரதம் திரண்டு மங்குவதுதான் புரை. மருந்தாலோ சொட்டாலோ அதைக் கரைக்க முடியாது. எடுத்துவிட்டு மாற்று லென்ஸ் வைப்பது ஒன்றுதான் வழி. முன்பெல்லாம் எடுப்பதோடு சரி, வைப்பது கிடையாது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் மாட்டியிருந்த சோடாபுட்டிக் கண்ணாடி நினைவிருக்கும். அது தவறி விழுந்து உடைந்தால் மறுபடி இருட்டுதான். அந்த நிலையை மாற்றியவர் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. உலகப் போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணில் விமான முகப்பின் பிளாஸ்டிக் சில்லு தங்கியும் கண் அதை எதிர்க்காததைக் கவனித்து, அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949இல் பொருத்தினார். நுண் ஒலி அதிர்வால் புரையை நொறுக்கி உறிஞ்சும் பேகோ முறையை 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்தார். ஆனால் வெளிநாட்டு லென்ஸ் ஒன்றுக்கு நூறு டாலர் அளவுக்குக் கொடுக்க எந்த உப்பளத் தொழிலாளியால் முடியும்? 1992இல் அரவிந்தின் ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கி, அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. ஆச்சியின் கண்ணுக்குள் லென்ஸ் போனதற்குப் பின்னால் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

மறுபரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆட்டோ உப்பளச் சாலையில் வந்தது. ஓலை வேயாத அம்பாரம் ஒன்றைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி, ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். மாற்றி மறு கண்ணைப் பொத்தினார். மறுபடி முதல் கண். "இந்தக் கண்ணுக்கு உப்பு. அந்தக் கண்ணுக்குக் கருப்பட்டித் தூளு" என்றார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, "இத்தன வருசமா இப்படித்தானா பாத்துக்கிட்டு கெடந்தேன்?" என்றார்.

அவர் சொன்னது கண் மருத்துவம் அறிந்த உண்மை. புரை விழுந்த லென்ஸ் பழுப்பேறி நீலத்தை வடிகட்டிவிடும். மெல்ல மெல்ல நடப்பதால் பார்ப்பவருக்கே தெரியாது. பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேயின் பிற்காலப் படங்கள் சிவந்தும் பழுத்தும் கிடப்பதற்கு அவருடைய புரையையே காரணம் சொல்கிறார்கள். 1923இல் அவரும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்.

நம் கடற்கரைக்கு இந்தச் சிக்கலில் கூடுதல் பங்கு உண்டு. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் மீன்பிடித் தொழில் செய்யும் 838 பேரை ஆராய்ந்து, 1988இல் ஹியூ டெய்லர் குழுவினர் முடிவை வெளியிட்டார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் அதிகம் பட்டவர்களுக்கு ஒருவகைப் புரை அதிகம் வந்திருந்தது. திரேஸ்புரத்துச் சங்கு குளிப்பவருக்கும் விசைப்படகுக்காரருக்கும் மேலே வெயில், கீழே தண்ணீரின் மினுக்கம். உப்பளத்தில் கேட்கவே வேண்டாம். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். அன்று இருபது வயதில் மூழ்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அழுகிய சிப்பிச் சதையைத் துழாவி, கடுகளவு முத்தையும் தப்பவிடாமல் எடுத்த கண்கள், இன்று பென்ஷன் ரசீதில் தொகை தெரியாமல் பக்கத்து ஆளிடம் நீட்டுகின்றன. இளையவர்கள் இப்போதே அகல விளிம்புத் தொப்பியும், புற ஊதாத் தடுப்பு உள்ளதா என்று கேட்டு வாங்கிய கண்ணாடியும் பழகிக்கொள்வது நல்லது.

துணைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். "புரை முத்தட்டும்" என்று காத்திருப்பது பழைய காலத்துப் பேச்சு. முத்திய புரை இறுகிப்போகும், எடுப்பது சிரமம்; சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறிவிடும். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருந்தாலே மருத்துவரைப் பார்க்கலாம். கோடையில் செய்யக் கூடாது என்பதும் இன்றைய முறைக்குப் பொருந்தாது. சர்க்கரைக்கு, ரத்தம் உறையாமல் இருக்க, புராஸ்டேட்டுக்கு என்று எந்த மாத்திரை எடுத்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்குப் பின் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுவது உங்கள் பொறுப்பு; பெரியவர்கள் பாதியைக் கன்னத்தில்தான் விட்டுக்கொள்வார்கள். கண்ணில் தண்ணீர் படக் கூடாது, கசக்கக் கூடாது. வலி, சிவப்பு, திடீர் மங்கல் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் ஓட வேண்டும். வழக்கமாக வைக்கும் லென்ஸ் தூரத்துக்குத்தான். ஊசியில் நூல் கோக்கவும் நம் பத்திரிகை படிக்கவும் கண்ணாடி வேண்டியிருக்கும். மாதங்கள் கழித்து மறுபடி மங்கினால் புரை திரும்பிவிட்டதென்று பயப்பட வேண்டாம். லென்ஸ் இருக்கும் பையில் படலம் படிந்திருக்கும். லேசரால் சில நிமிடத்தில் விலக்கிவிடுவார்கள்.

நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. கோயில் மண்டபம், மாதா கோவில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று முகாம்கள் நடக்கின்றன. டாக்டரும் லென்ஸும் தயார். நம் ஊரில் தட்டுப்பாடு ஓரிரு நாள் லீவு போடும் ஆளுக்குத்தான். சொந்தப் பாட்டி தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளைக் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிவிட்டுத் தனியே இருப்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. மழைக்கால ஓய்வில் இருக்கும் உப்பளத் தோழர்கள் மனது வைத்தால், அடுத்த உப்பு வாருவதற்குள் எத்தனையோ வாசல்களில் வெளிச்சம் வந்துவிடும்.

இன்னொரு செய்தி. மூத்த வாசகர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி இந்த இதழிலிருந்து எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறோம். தீபாவளி மலரும் இதே அளவில்தான் வரும். இதுவும் மங்கலாகத் தெரிந்தால், இனிக் கடிதம் எங்களுக்கு வேண்டாம். நேரே கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்