தட்டிலிருந்து பெட்டிக்கு

படூரிலிருந்து ஓர் அன்பர் எழுதுகிறார்: "எங்கள் வீட்டில் 200 ஸி.டி. தட்டுகள் இருக்கின்றன. முக்கால்வாசி கர்நாடக ஸங்கீதக் கச்சேரிகள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் தட்டுப் போடுவதற்கு வாயே இல்லை. சிறுசேரியில் உத்தியோகம் பார்க்கும் என் குமாரன், 'எல்லாந்தான் இணையத்தில் கிடைக்கிறதே, இந்தக் குப்பை எதற்கு?' என்கிறான். தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற எந்த மென்பொருள் நல்லது? ஏற்றியபின் கேட்பதற்கு எது நல்லது?"

முதலில் குமாரருக்குப் பதில் சொல்லி விடுவோம். இணையத்தில் இன்று இருக்கும் பாட்டு நாளைக்கும் இருக்கும் என்பதற்கு யார் ஜாமீன்? உரிமை ஒப்பந்தம் மாறினால் பாட்டு மறைந்துவிடும். சந்தாவை நிறுத்தினால் கதவு சாத்தப்படும். அங்கே நாம் குடக்கூலிக்காரர்கள். அலமாரியில் உள்ள தட்டுக்கோ சொந்தக்காரர்கள். சிறிய கம்பெனிகள் வெளியிட்ட கச்சேரிகளில் இணையத்தில் அடியெடுத்து வைக்காதவை எத்தனையோ உண்டு. ஆகவே, ஐயா, தட்டுகளைக் குப்பையில் போட வேண்டாம்.

ஆனால் தட்டும் சிரஞ்சீவி அல்ல. பாட்டைத் தாங்கும் பளபளப்பான உலோகப் பூச்சு, பெயர் அச்சிட்ட மேற்புறத்துக்கு அடியிலேயே மெல்லிய அரக்குப் பூச்சின் காவலில் இருக்கிறது. கீழ்ப்புறத்துக் கீறலைக் காட்டிலும் மேற்புறத்துக் கீறல்தான் பொல்லாதது. வீட்டில் நாமே பதிவு செய்த தட்டுகளில் சாயத்தில் எழுதப்பட்டிருப்பதால், அவை இன்னும் சீக்கிரம் மங்கக்கூடும். கோவளத்து உப்புக் காற்று வீசும் ஊரில் இருப்பவர்கள் தாமதம் செய்யாமலிருப்பது நலம். வாயில்லாத கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கும் டிரைவ் ஒன்று வாங்கினால் போதும்.

இனி ஏற்றும் விஷயம். 1982-ல் கடைக்கு வந்த ஸி.டி.யில் ஒரு விநாடி நாதம் 44,100 துளிகளாக எண்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மணி நேரக் கச்சேரிக்கு ஏறக்குறைய 635 எம்.பி. இடம் வேண்டும். சிறு பிழைகளைத் திருத்திக் கொள்ளும் ஏற்பாடும் தட்டிலேயே உண்டு. திருத்த முடியாத பிழை வந்தால் யந்திரம் என்ன செய்யும்? முன்னும் பின்னும் பார்த்து ஓர் ஊகத்தை இட்டு நிரப்பிவிடும். சாதாரண மென்பொருள்கள் அந்த ஊகத்தையும் பாட்டென்றே எடுத்துக் கொள்கின்றன.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் மென்பொருள் அப்படி ஏமாறுவதில்லை. ஒவ்வொரு பகுதியையும் இரு முறை படித்து ஒப்பிட்டு, மாறுபட்டால் மறுபடியும் மறுபடியும் படிக்கும். வேறு ஊர்களில் அதே தட்டை ஏற்றியவர்களின் கணக்கோடு ஒத்துப் பார்க்கவும் வழியுண்டு. நம் ஊர்த் தட்டுகளில் பல அந்தக் கணக்கில் ஏறியிரா. அப்போது இரு முறை ஏற்றி நாமே ஒப்பிட்டுக் கொள்ளலாம். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இதையே சிபாரிசு செய்வோம். சொந்த உபயோகத்துக்கு விலை கிடையாது. மெதுவாக வேலை செய்யும். தட்டுக்கு ஒரு முறைதானே, பொறுத்துக் கொள்ளலாம்.

எந்த ரூபத்தில் சேமிப்பது? எம்.பி.3 என்பது காதுக்கு எட்டாதென்று தான் கருதுவதைக் கழித்து விட்டு இடத்தை மிச்சம் பிடிக்கும். கழிந்தது கழிந்ததுதான், திரும்ப வராது. கடையில் "150 பாட்டு, ஒரே தட்டு" என்று விற்றவை பெரும்பாலும் இந்த ஜாதி. அவற்றை அப்படியே நகல் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2001-ல் வந்த ஃப்ளாக் என்னும் ரூபமோ ஒரு துளியும் கழிக்காமல் மடித்து வைக்கும். 200 தட்டுகளுக்கும் 70 அல்லது 80 ஜி.பி. போதும். இன்றைக்கு அது பெரிய இடமல்ல. பிரயாணத்துக்கு எம்.பி.3 வேண்டுமானால் ஃப்ளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்து கொள்ளலாம்.

ரூபத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. விண்டோஸுடன் வந்த பழைய பாட்டுப் பெட்டி மென்பொருளில், ஏற்றும் பாட்டுக்குப் பூட்டுப் போடும் ஏற்பாடு ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரை மாற்றியவர்கள் தங்கள் சொந்தப் பாட்டையே கேட்க முடியாமல் விழித்தார்கள். 1997-ல் பிறந்து உலகமெல்லாம் கொடி கட்டிப் பறந்த வினாம்ப், 2013-ல் மூடுவிழா அறிவிப்பைக் கண்டது. மென்பொருள்கள் வரும், போகும். பாட்டு நிற்க வேண்டும். யாருக்கும் பொதுவான ஃப்ளாக்கில் வைத்தால், நாளைக்கு வரும் மென்பொருளும் அதைப் பாடும்.

கேட்பதற்கு ஃபூபார்2000 நல்லது. பார்வைக்கு அழகில்லை, ஆனால் குணவதி. ராகம், தானம், பல்லவி என்று தட்டில் தனித்தனியாகப் பிரித்திருப்பதை இடையில் விக்கலில்லாமல் தொடர்ந்து பாடும். பிரான்ஸ் தேசத்து மாணவர்கள் ஆரம்பித்த வி.எல்.ஸி. எந்த ரூபத்தைக் கொடுத்தாலும் வாசிக்கும். அதையும் கைவசம் வைத்திருக்கலாம்.

கடைசியாக, பெயர் எழுதும் வேலை. இணையத்திலிருந்து தானே வந்து நிரம்பும் பெயர்களை நம்பிவிட வேண்டாம். தோடிக்கு இங்கிலீஷில் ஒருவர் "எச்" சேர்க்கிறார். இன்னொருவர் விட்டு விடுகிறார். பக்கவாத்தியக்காரர் பெயரையோ யாருமே எழுதுவதில்லை. ஃப்ளாக்கில் ராகம், தாளம், பக்கவாத்தியம் என்று புதுக் கட்டங்கள் சேர்த்து, விவரங்களைத் தமிழிலேயே எழுதலாம். பிடில் வாசித்தவர் யார் என்பது தட்டின் உறையில் மட்டுந்தான் இருக்கிறதென்றால், உறை கிழிந்த அன்றே அவரும் மறக்கப்படுவார். இந்த வேலைக்குக் குமாரரையும் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். ராகங்களின் பெயராவது பழகும்!

எல்லாம் முடிந்தபின் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது, ஊருக்கெல்லாம் விநியோகிப்பதற்கல்ல. தட்டுகளையும் தூக்கி எறிந்து விடாதீர்கள். அவைதாம் உங்கள் சொத்துக்குப் பத்திரம்.