சர்வகலாசாலை உத்தியோகம்

உயர்ந்த பட்டங்களைப் பெற்ற நம் வாலிபர்களில் பலர், சர்வகலாசாலை ஆசிரியர் பதவியைவிட மேலான உத்தியோகம் வேறில்லை என்று கருதுகின்றனர். பெற்றோரும் அவ்வாறே நம்பி, கடன் பட்டேனும் மக்களை ஆராய்ச்சிப் பட்டம் வரையில் படிக்க வைக்கின்றனர். இந்த நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, பிரமை எவ்வளவு என்று ஆராய்வது அவசியமாகும். இது சில ஆயிரம் குடும்பங்களின் ஜீவனத்தை மட்டும் பொறுத்த விஷயமன்று. நாளைய பிரஜைகளுக்கு அறிவு புகட்டுவோர் நிமிர்ந்து நிற்பார்களா, குனிந்து நிற்பார்களா என்பதையும் பொறுத்ததாகும்.

அநுகூலங்களை முதலில் கவனிப்போம். ஏழாவது சம்பளக் கமிஷனையொட்டிய விகிதப்படி, நிரந்தரமாக நியமிக்கப்படும் உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய். பேராசிரியருக்கு 1,44,200 ரூபாய். பஞ்சப்படி முதலியன வேறு. சர்வகலாசாலை மான்யக் கமிஷனின் 2018-ம் வருஷத்து விதிகளின்படி, வாரத்துக்கு 40 மணி நேர வேலையில், நேரில் பாடம் சொல்ல வேண்டியது உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, பேராசிரியருக்கு 14 மணி. மிகுதி நேரம் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது. இதைக் கண்டு சோம்பேறிகளின் உத்தியோகம் என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்கள் சரித்திரத்தை அறியாதவர்கள்.

சென்னைத் துறைமுகத்தில் 1912-ல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தவர் ஸ்ரீநிவாச ராமானுஜம். மறு வருஷம் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்து, கணிதத்தில் மூழ்கியிருக்க விட்டது. அந்த 75 ரூபாய் வாங்கித் தந்தது ஓய்வு. அந்த ஓய்விலிருந்து உலகம் பெற்றது மகத்தானது. ஸி. வி. ராமனோ 1917-ல் பொக்கிஷ இலாகாவில் தமக்கிருந்த பெரிய உத்தியோகத்தை உதறி, குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1930-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. சம்பளத்தைவிட உயர்ந்த ஒன்று அந்தப் பதவியில் உண்டு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஓய்வுக்கு அடுத்த அநுகூலம் சுதந்திரம். அதே கல்கத்தாவில், 1922-ல் வங்காள சர்க்கார் இரண்டரை லட்சம் ரூபாய் மான்யம் தர முன்வந்து, கூடவே நிபந்தனைகளையும் விதித்தனர். பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த சமயத்திலும், உபவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி அதை ஏற்க மறுத்தார். சர்வகலாசாலை சர்க்காரின் ஓர் இலாகா அல்ல, அதன் ஆசிரியர் சர்க்காரின் சேவகரும் அல்லர் என்ற கொள்கை அன்று நம் தேசத்தில் ஊன்றப்பட்டது. ஓய்வு, சுதந்திரம் ஆகிய இரண்டையும் தாங்கி நிற்கும் தூண் ஒன்றுதான்: நாளைக்கும் வேலை இருக்கும் என்ற நிச்சயம். இந்தத் தூண் இன்று எந்த நிலையில் இருக்கிறது?

நிரந்தர ஆசிரியர்களுக்கே அது ஆட்டங் கண்டிருக்கிறது. 1929-ல் தோன்றிய அண்ணாமலைச் சர்வகலாசாலை, அளவுக்கு மீறிய நியமனங்களாலும் பண நெருக்கடியாலும் தள்ளாடி, 2013-ல் சர்க்காரின் நிர்வாகத்துக்கு வந்தது. உபரி என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களும் சிப்பந்திகளும் வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டனர். 1857-ல் ஸ்தாபிதமான சென்னைச் சர்வகலாசாலையின் பாங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரி இலாகாவினர் முடக்கினர். மதுரை காமராஜர் சர்வகலாசாலையில் அதே வருஷத்தில் சம்பளம் மாதக் கணக்கில் தாமதப்பட்டு, ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட நேர்ந்தது. சென்னையில் 2023 ஆகஸ்டில் காலியான உபவேந்தர் ஸ்தானம் ஒரு வருஷத்துக்கு மேலாகியும் நிரப்பப்படவில்லை. தலைமையில்லாத ஸ்தாபனத்தில் நியமனமும் பதவி உயர்வும் எவ்வாறு நடைபெறும்?

இவையெல்லாம் உள்ளே இடம் பிடித்தவர்களின் கஷ்டங்கள். வாசற்படியில் நிறுத்தப்பட்டவர்களின் நிலைமை இதனினும் பரிதாபகரமானது. தமிழ்நாட்டுச் சர்க்கார் கலைக் கல்லூரிகளில் பல்லாயிரவர் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்ற பெயரோடு வேலை பார்க்கின்றனர். கௌரவம் பெயரில் நிரம்ப இருக்கிறது. நிரந்தர ஆசிரியருக்குள்ள அதே படிப்பு, அதே வகுப்பு, அதே விடைத்தாள். ஆனால் 2024-ல் இவர்களுக்குக் கிடைத்தது மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் பதினோரு மாதத்துக்கு மட்டுமே. பன்னிரண்டாவது மாதத்தில் வீட்டு வாடகை நின்றுவிடுமா? மான்யக் கமிஷனோ 2019 ஜனவரியிலேயே, இத்தகையோருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரையில் தரலாம் என்று தெரிவித்திருந்தது. டில்லி சர்வகலாசாலையிலும் நான்கு நான்கு மாதமாகப் புதுப்பிக்கப்படும் தற்காலிக ஆசிரியர்கள் பல வருஷம் காத்துக் கிடந்து, 2019 டிசம்பரில் போராட்டத்தில் இறங்கினர்.

சம்பளக் குறைவைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. வருஷந்தோறும் தம் வேலையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய ஆசிரியர், தவறு செய்த மாணாக்கனைக் கண்டிக்க அஞ்சுவார். தலைவரின் தவறான உத்தரவை மறுக்க அஞ்சுவார். பொது விஷயத்தில் தம் அபிப்பிராயத்தைச் சொல்லவும் அஞ்சுவார். ஐந்து வருஷத்தில் பலன் தரக்கூடிய ஆராய்ச்சியை, அடுத்த ஜூன் மாதத்தில் தாம் எங்கே இருப்போம் என்று அறியாதவர் எப்படித் தொடங்குவார்? 1922-ல் அந்நிய சர்க்கார் நிபந்தனை விதித்துப் பறிக்க முயன்றதை, இன்று ஒப்பந்தக் காகிதம் ஓசையின்றிப் பறித்துவிடுகிறது.

பணமில்லை என்பது சர்க்கார் தரப்பு வாதம். நிரந்தரமாக்கினால் ஆசிரியர்கள் சோம்பிவிடுவார்கள் என்பது மற்றொரு வாதம். கடமை தவறுவோர் சிலர் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களைத் திருத்த விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளை அமல் நடத்தாத நிர்வாகிகளின் குற்றத்துக்கு, வேலை தேடும் வாலிபரைத் தண்டிப்பது நியாயமாகாது. பண வாதமோ அரை உண்மையே. மத்திய சர்வகலாசாலைகளில் அனுமதிக்கப்பட்ட ஏறக்குறைய 18,900 ஆசிரியர் ஸ்தானங்களில், 2025-ம் வருஷ ஆரம்பத்தில் 5,000-க்கு மேற்பட்டவை காலியாக இருந்தன. அனுமதி பெற்ற ஸ்தானத்தையே காலியாக விட்டுவிட்டு, அதே வேலையை மலிவாக வாங்குவது சிக்கனமல்ல, சுரண்டலே ஆகும். குஜராத்தில் மாதம் 30,000 ரூபாய்க்கு வேலை செய்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களின் வழக்கில், 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டார் இதைக் கண்டித்து, அப்பதவிக்குரிய குறைந்தபட்சச் சம்பள விகிதத்தை அளிக்க உத்தரவிட்டிருக்கின்றனர். குருவைத் தெய்வமென்று துதித்துவிட்டுக் கூலியைக் குறைக்கும் வழக்கத்துக்கு நியாய ஸ்தலத்திலும் இடமில்லை.

ஆகவே, இவ்வுத்தியோகத்தை நாடும் வாலிபர் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுச் சேர வேண்டும். கிடைப்பது அனுமதி பெற்ற ஸ்தானமா? சம்பளம் பன்னிரண்டு மாதமும் தவணை தவறாமல் வருகிறதா? வேலை நீடிப்பது விதியைப் பொறுத்ததா, ஒரு மனிதரின் தயவைப் பொறுத்ததா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் இதற்கு இணையான தொழில் இல்லை. கிடைக்காவிடில், கௌரவத்தை நம்பி வயதைக் கழிப்பது வீண்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் தெளிவானது. காலி ஸ்தானங்களை நிரப்பக் கெடு விதிக்க வேண்டும். அது வரையில் கௌரவ விரிவுரையாளருக்கு மான்யக் கமிஷன் கூறிய 50,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதமும் வழங்க வேண்டும். அவர்களது அநுபவ வருஷங்களை நிரந்தர நியமனத்தின்போது கணக்கில் கொள்ள வேண்டும். நிரந்தர ஆசிரியர்களின் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை: பக்கத்து வகுப்பில் பாதிச் சம்பளத்துக்குக்கூட வழியின்றி ஒருவர் நிற்கையில், தங்கள் பதவி பத்திரமாக இருக்கும் என்று அவர்கள் எண்ண வேண்டாம். அந்தப் பாதிச் சம்பளமே நாளை எல்லோருக்கும் அளவுகோலாகிவிடும். பொது வாழ்வில் ஈடுபட்டோர் இதை ஆசிரியர்களின் தனிக் குறையென்று ஒதுக்காமல், சட்டசபையிலும் மேடையிலும் விடாது கிளப்ப வேண்டும்.