எண்ணெய் விலையும் திருமலை அடுப்பும்

திருமலை அன்னதானக் கூடத்தில் பந்தியில் அமர்கிறவர்கள் இலையில் விழும் சோறு எந்த நெருப்பில் வெந்தது என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் 2002-ம் ஆண்டில் வியப்பான பதில் கிடைத்திருக்கும். அந்த ஆண்டு தேவஸ்தானம் அங்கே 106 கண்ணாடித் தட்டுகளை வரிசையாக நிறுவியது. ஒவ்வொன்றும் 9.2 சதுர மீட்டர். இவை சூரியன் நகர நகரத் தாமும் திரும்பி, வெயிலை ஒரே இடத்தில் குவித்துத் தண்ணீரை நீராவியாக்கும். நாளொன்றுக்கு 4,000 கிலோவுக்கு மேல் நீராவி. சுமார் 15,000 பேருக்கு இரு வேளைச் சாப்பாடு சமைக்க அது போதும். வெயிலை நம்பிச் சமைக்கும் கூடங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது இது பேசப்பட்டது.

அதற்கு முன்பும் அங்கே நீராவியில்தான் சமையல். ஆனால் கொதிகலன் டீசலில் எரிந்தது. புதிய குழாய்களைப் பழைய கொதிகலனோடு இணைத்தார்கள். மலையில் மேகம் மூடினால் டீசல், வெயில் அடித்தால் கண்ணாடி. அடுப்பையோ அண்டாவையோ சமையற்காரர்களின் வழக்கத்தையோ மாற்ற வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு காரியத்தாலேயே திட்டம் பாதி வென்றுவிட்டது எனலாம். சமையற்காரரோடு சண்டை பிடித்து எந்தப் புது அடுப்பும் நிலைத்ததில்லை.

இனி கணக்கைப் பார்க்கலாம். மொத்தச் செலவு சுமார் ரூ. 1 கோடியே 10 லட்சம். அதில் ஏறக்குறைய பாதியை மத்திய அரசு மானியமாகக் கொடுத்தது. ஆண்டுக்கு மிச்சமாகும் டீசல் 1,18,000 லிட்டர் என மதிப்பிட்டார்கள். அன்றைய விலையில் அது ரூ. 23 லட்சம். அதாவது லிட்டர் இருபது ரூபாய்க்கும் குறைவு. மானியம் இல்லாவிட்டால் போட்ட பணம் திரும்ப ஐந்து ஆண்டு ஆகும். இதே கணக்கை லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துப் போட்டால் மிச்சம் ஆண்டுக்கு ஒரு கோடியைத் தாண்டுகிறது. பழைய செலவு முழுவதும் சுமார் ஓராண்டில் திரும்பிவிடும். கண்ணாடியும் மாறவில்லை, வெயிலும் மாறவில்லை. எண்ணெய் விலை ஒன்றுதான் மாறியது.

விலை ஏறினால் மூளை வேலை செய்கிறது என்பதற்கு 1973-ஐவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அந்த அக்டோபரில் மேற்காசியப் போர் மூண்டது. அரபு நாடுகள் குழாயை இறுக்கின. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. இங்கே மண்ணெண்ணெய்க்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1977-ல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு, குறைந்த எண்ணெயில் அதிகச் சூடு தரும் ‘நூதன்’ திரி அடுப்பைக் கொண்டுவந்தது. 1979-ல் ஈரான் புரட்சியால் விலை மறுபடி எகிறியது. 1981-ல் மத்திய அரசு மாற்று எரிசக்திக்கென ஓர் ஆணையத்தையும், 1982-ல் தனித் துறையையும் அமைத்தது. திருமலைக்குப் பின்னாளில் மானியம் கொடுத்த அமைச்சகம் இந்தத் துறையிலிருந்து வளர்ந்ததுதான்.

ரயில்வேயின் கதை இதில் சற்று வேடிக்கையானது. சித்தரஞ்சன் தொழிற்சாலை நீராவி எஞ்சின் கட்டுவதை 1972-ல் நிறுத்தியது. இனி டீசல்தான் என்று தீர்மானித்த மறு ஆண்டே டீசலுக்கு இந்தக் கதி. நிலக்கரி நம்முடையது, எண்ணெய் பிறருடையது என்ற உண்மை அப்போதுதான் உறைத்தது. பாதைகளை மின்மயமாக்கும் வேலைக்கு அதன் பிறகுதான் வேகம் பிறந்தது. அகலப் பாதையில் கடைசி நீராவி எஞ்சின்கள் ஓய்ந்தது 1995-ல்.

ஆனால் விலை ஏற்றம் தரும் புத்தி, விலை இறங்கியதும் போய்விடுகிறது. அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் 1979-ல் வெள்ளை மாளிகைக் கூரையில் சூரிய வெப்பத் தகடுகளை வைத்தார். ரீகன் காலத்தில், 1986-ல், கூரை பழுதுபார்க்கும்போது அவற்றை இறக்கினார்கள். திரும்ப ஏற்றவில்லை. கச்சா எண்ணெய் பீப்பாய் 10 டாலர் அளவுக்குச் சரிந்ததும் அதே ஆண்டில்தான்.

நம் நாட்டில் விலை இறங்காமலே இது நடக்கும். சித்தூர் ஜில்லாவில் கிணற்றுப் பாசனம் அதிகம். டீசல் விலை ஏற ஏற, ஆயில் எஞ்சின் வைத்திருந்த விவசாயி மின் மோட்டாருக்கு மாறினார். 2004-ல் ஆந்திர அரசு விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. வறட்சியில் நொந்தவர்களுக்கு அது தேவைப்பட்ட உதவிதான். ஆனால் அதிக மின்சாரம் இழுக்கும் பழைய மோட்டாரை மாற்ற அதன்பின் யாருக்கு அவசரம்?

இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். திருமலைத் தட்டுகளின் அடிப்படை வடிவம் வுல்ஃப்காங் ஷெஃப்லர் என்ற ஐரோப்பியர் உருவாக்கியது. சாதாரண வெல்டிங் பட்டறையிலும் செய்யக்கூடியதாக அமைத்து, காப்புரிமை கோராமல் விட்டார். திருமலையில் அவற்றை நிறுவியது குஜராத்தின் வல்சாடைச் சேர்ந்த நிறுவனம். தொழில் நுட்பம் இரகசியமல்ல, விலையும் ஏறிக்கிடக்கிறது. அப்படியானால் திருப்பதி ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் ஏன் ஒரு கண்ணாடித் தட்டைக்கூடக் காணோம்?

காரணம் எளியது. தேவஸ்தானத்துக்கு இடம் உண்டு, ஐந்து ஆண்டு காத்திருக்கப் பணமும் உண்டு. வேலூரிலிருந்தோ ஆரணியிலிருந்தோ வந்து வாடகைக் கடையில் டீ போடுகிறவருக்கு மொட்டை மாடி சொந்தமில்லை. அவர் வியாபாரம் தொடங்கும் விடியற்காலையில் வெயிலும் இல்லை. வணிக சிலிண்டர் விலை ஏறினால் அவரால் முடிவது இரண்டுதான். டம்ளரைச் சிறிதாக்குவார், அல்லது டீக்கு ஒரு ரூபாய் கூட்டுவார். அந்த ஒரு ரூபாயைக் கொடுப்பவர் மாதச் சம்பளக் குமாஸ்தாவும் கூலிக்காரரும். எண்ணெய் விலை ஏற்றம் புதுமைக்கு வழி என்று பேசும் நிபுணர்கள் இந்த ரூபாயைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாதிச் செலவை அரசு ஏற்றதால் பெரிய சமையற்கூடத்துக்குக்கூடத் துணிச்சல் வந்தது. சிறு கடைக்கு அது இன்னும் அதிகமாகவே வேண்டும்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, மார்ச்சில் கச்சா எண்ணெய் 120 டாலரைத் தாண்டியது. அந்த செப்டம்பரில் அலிபிரியிலிருந்து மின்சார பஸ்கள் மலையேறத் தொடங்கின. போரைப் பார்த்து வாங்கியவை அல்ல. ஏற்பாடு 2021-லேயே ஆரம்பமாகிவிட்டது. இங்கும் மத்திய மானியம் இருந்தது. மலைப்பாதைக்கு மின்சார பஸ் பொருத்தமே. ஏறும்போது பேட்டரி தீர்ந்தாலும், இறங்கும்போது பிரேக் பிடிக்கும் விசை மின்சாரமாகி ஓரளவு திரும்பி வருகிறது. டீசல் பஸ்ஸில் அந்த விசை பிரேக் சூடாகி வீணாவதுதான். அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நாட்டில் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அதே செப்டம்பரில் திருப்பதியில் சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் லித்தியம் செல் தொழிற்சாலையில் சோதனை உற்பத்தியைத் தொடங்கியது. கரக்கம்பாடியில் பேட்டரித் தொழில் பல்லாண்டுகளாகவே உண்டு. வேலை தேடி ரேணிகுண்டாவில் இறங்கும் நம்மவர்களுக்கு இது நல்ல சேதி. செல்லுக்கு வேண்டிய லித்தியத்துக்கு மட்டும் இன்னமும் அயல்நாட்டுக் கப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.